அச்சுக்கு இருபத்தொரு டன்

ஜனவரி 9

அன்புள்ள திருகாணிக்கு,

முப்பத்தெட்டு கிலோமீட்டர் நீளமும் நாலே முக்கால் அடி அகலமும் கொண்ட மாபெரும் சாம்ராஜ்யத்தின் ஏக அதிபதியும், உன் அம்மாவுக்குத் தம்பியுமான மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். அங்கே நீ, அக்கா, அக்காவின் முழங்கால் மூவரும் சௌக்கியமா? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நீ போனை எடுத்த இரண்டாவது நிமிடம் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் நாற்பது நிமிடம் அந்த முழங்கால்தான் பேசுகிறது. ஆகவே தபால்.

செய்தி இதுதான். போன வருடம் நீ அனுப்பிய வரைபடங்களை வைத்து, நீ இன்ஜினியராக இருக்கும் அந்தச் சிறு ரயில் பாதையை அப்படியே என் கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டேன். குவாரி, துறைமுகம், நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஏழு தூண் வைத்த பாலம். எட்டு மாதம், மருமகளே! மலையைக் குடைந்து கோட்டை கட்டிய ராஜாக்களுக்குக்கூட இப்படி முதுகு வலித்திருக்காது. பாலத்துக்கு மட்டும் மூன்று வாரம். ஒவ்வொரு தூணிலும் துருவை என் கையால் பூசினேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "குளியலறைக் குழாய் ஒழுகி ஆறா ஓடுது, அதுக்கு மேல ஒரு பாலம் கட்டுங்களேன்" என்றாள். வரலாறு இவளை மன்னிக்காது.

இத்தனை செய்தும் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேள். எங்கள் ரயில் விளையாட்டுச் சங்கத்தில் ஒருவன் இருக்கிறான். எதை எடுத்தாலும் குத்துவதால் அவனை ஆணி என்போம். ஒருவர் செய்த பாதையைச் சங்கத்தின் தொகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவன்தான் தீர்ப்புச் சொல்வான். நான் என் பாதையில் புத்தம்புது எக்ஸ்பிரஸ் இன்ஜின் ஒன்றை விட்டேன். நீலமும் வெள்ளியுமாக, மணப்பெண் மாதிரி. ஆணி ஒரே வரி எழுதினான்: "குவாரியையே வித்தாலும் அந்தக் கம்பெனியால இதை வாங்க முடியாது." சின்ன ரயில் கம்பெனிகள் பெரிய ரயில்வே கழித்துப்போட்ட பழைய இன்ஜினைத்தான் வாங்குமாம், அப்படி ஒன்றைப் போட்டால்தான் நிஜம் மாதிரி இருக்குமாம். என் ரத்தம் ஒன்பது முறை கொதித்து ஆவியாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, அவன் சொன்னது சரி.

எனவே நிஜத்தில் இருப்பவளைக் கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் இப்போது என்ன இன்ஜின் ஓடுகிறது? அடுத்து எந்தப் பழைய இன்ஜினை வாங்கப்போகிறீர்கள்? ஆணியின் வாயை அடைக்கும்படி எழுது.

சக்கரவர்த்தி மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். முழங்காலுக்குப் புதுத் தைலம் வந்திருக்கிறது, வீடே அந்த வாசனை. அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், குழாயையும் கவனியுங்கள்.

எங்களிடம் இருப்பவை நான்கு அச்சு இன்ஜின்கள் இரண்டு. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று தன் உறுப்புகளைக் கழற்றிக் கொடுத்து அதை ஓட வைக்கிறது. கொடுப்பதற்கு இனி அதிகம் மிச்சமில்லை. அதனால் மேலாளர் பழைய இன்ஜின் தேடினார். வியாபாரி ஒருவர் ஆறு அச்சு இன்ஜின் மூன்று காட்டியிருக்கிறார். பெரிய பாதையில் இருபது வருடம் ஓடியவை, பார்க்க அழகாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூற்று இருபத்தாறு டன், அதாவது ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தாங்கும் ஓர் அச்சின் மேல் இருபத்தொரு டன் இறங்கும். நம் ஆற்றுப் பாலத்துக்கு அனுமதி அச்சுக்குப் பதினேழு.

"அந்தக் காலத்துப் பாலம்மா, அவனுங்க ஒண்ணுக்கு ரெண்டா கட்டியிருப்பானுங்க. மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது" என்கிறார் மேலாளர். இன்ஜின் இந்தப் பாதைக்குத் தகுதி என்று சான்றில் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

நீங்கள் கட்டிய பாதையில் இதை ஓட்டிப் பாருங்களேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். நேற்று அலுவலகத்தில் உங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றிச் சொன்னேன், மேலாளர் ரொம்ப ஆர்வமாகக் கேட்டார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 3

அன்புள்ள திருகாணிக்கு,

நலம், நலம், அதெல்லாம் கிடக்கட்டும். எந்தக் கழுதை அந்த ஆறு அச்சைத் தேர்ந்தெடுத்தது? கழுதைகள் சங்கம் என் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டாலும் பரவாயில்லை, திரும்பக் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வாரமாக இதைத்தான் படிக்கிறேன். ஆணி சொன்ன புத்தகம், சொல்லாத புத்தகம் எல்லாம். சின்னப் பாதைக்காரன் பழைய இன்ஜின் வாங்கினால் குட்டையாக, லேசாக, வளைவில் உடம்பை மடக்கிப் போகிற மாதிரி வாங்குவான். உங்கள் குவாரி வளைவில் ஆறு அச்சு திரும்பினால் சக்கரம் தண்டவாளத்தைப் பென்சில் சீவுகிற மாதிரி சீவிவிடும். ஒரே மாதிரி இரண்டு வாங்குவான், ஒன்று படுத்தால் மற்றது கை கொடுக்க. பக்கத்து ஊர் மெக்கானிக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த ரகமாகப் பார்ப்பான். பழைய முதலாளியின் பெயர் புதுப் பெயிண்டுக்குக் கீழே பல்லிளிக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். அழகைப் பார்த்து இன்ஜின் வாங்குகிறவன் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

நான் முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்க் குவாரியின் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன். பதினேழு என்று எழுதிய இடத்தில் இருபத்தொன்று ஏறினால் என் காது மடல் தானாகச் சிவக்கும். கையெழுத்துப் போடாதே.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? வேடிக்கைக்கு அந்த ஆறு அச்சைக் கொண்டுவந்து, பின்னால் முப்பது வேகன் சுண்ணாம்புக்கல் மாட்டி, நம் பாலத்தின் மேல் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் விட்டேன் பார்! ஹாரன் அடித்தால் ஆகாயம் கிழிந்தது. ஆறு பயந்து வற்றி மறுபடி ஊறியது. பாலம் இம்மியும் அசையவில்லை. வீடியோ எடுத்து 'பாலம் கண்ட சிங்கம்' என்று பெயரிட்டுப் பென் டிரைவில் அனுப்புகிறேன். அக்காவுக்குப் போட்டுக் காட்டு, முழங்கால் வலி மறக்கும்.

சிங்கத்தின் ஓட்டுநர்,
மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை அதிகம். அம்மாவுக்கு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள். அத்தைக்குச் சளி என்று அம்மா சொன்னாள், சரியாகிவிட்டதா?

உங்கள் வீடியோவை அம்மா மூன்று தடவை பார்த்தாள். அலுவலகத்திலும் பார்த்தார்கள். பாலத்தின் துரு, தூணில் ஒட்டிய பாசி, எல்லாம் அச்சு அசல் என்று எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் பென் டிரைவை வாங்கிக்கொண்டார். இயக்குநர்கள் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டாராம்.

ஒரு சின்ன சந்தேகம். உங்கள் விளையாட்டில் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்பதை எங்கே எழுதி வைக்கிறீர்கள்?

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 15

திருகாணி,

அத்தையின் சளி போய்விட்டது. என் மூச்சும் கூடவே போகப் பார்த்தது.

எங்கேயும் எழுதி வைப்பதில்லையடி! அது பாலமே இல்லை, படம்! அந்த விளையாட்டில் ரயில் தண்டவாளக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். கீழே இருப்பது மலையா, பாலமா, பஞ்சு மூட்டையா என்று அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை. நான் வைத்த ஏழு தூணும் ஏழு பொம்மை. நான் பூசிய துருவும் பெயிண்ட், அதன் கீழே இருக்கிற இரும்பும் பெயிண்ட். அதைப் பெரிய திரையில் போட்டு, பெரிய மனிதர்கள் கை தட்டினார்களா? அந்த அறையில் ஒருத்தருக்குக்கூடத் தலைக்கு உள்ளே எதுவும் வைத்துத் தைக்கவில்லையா?

என் மேலேயே எனக்கு வருகிற ஆத்திரத்தில் நேற்று ஒரு காரியம் செய்தேன். முதல் தூணை எடுத்தேன். ரயில் போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. போயிற்று. ஏழையும் எடுத்தேன். மேல் தளத்தையும் உருவினேன். நூற்று இருபத்தாறு டன் இன்ஜினும் முப்பது வேகனும் வெறும் காற்றில், ஆற்றுக்கு மேலே, அதே அறுபதில் போகின்றன. கீழே தண்ணீரில் நான் வைத்த இரண்டு கொக்குகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு பயங்கரத்தை நான் பார்த்ததில்லை, நானே செய்ததாக இருந்தும்.

அந்த வீடியோவை இத்துடன் வைத்திருக்கிறேன். இதையும் அந்தப் பெரிய திரையில் போடு. அதே ஆட்கள் உட்காரட்டும். கை தட்டட்டும், பார்க்கிறேன்.

இப்போது ஒரே வார்த்தையில் பதில் எழுது. கையெழுத்துப் போட்டாயா?

மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் இரத்த அழுத்த மாத்திரையைச் சரியாகப் போடுகிறீர்களா? கடிதத்தில் எழுத்து ஒவ்வொன்றும் குதிக்கிறது.

இரண்டாவது வீடியோவைப் பார்த்தேன். அலுவலகத்தில் இன்னும் போடவில்லை. மேலாளர் பத்து நாள் விடுப்பு, திரும்பி வந்ததும் ஆடிட் என்கிறார்கள். கூட்ட அறையின் திரைக்கு ஏதோ ரிப்பேர்.

பட்டறையில் எல்லோருக்கும் உற்சாகம்தான். மூன்று இன்ஜினையும் நீலத்தில் அடித்துவிட்டார்களாம். முதலாவது மே நாலாம் தேதி துறைமுகம் வந்து, அங்கிருந்து பாலம் வழியாகக் குவாரிக்கு வருகிறது. அதை ஓட்டப்போகிறவர் எங்கள் மூத்த ஓட்டுநர். எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவார், பெயரும் கொட்டாவிதான். இப்போது கொட்டாவியே வருவதில்லை, புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார். அம்மா புதிதாகப் பின்னல் வேலை தொடங்கியிருக்கிறாள், உங்களுக்குத்தான் என்கிறாள், பச்சை நிறம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிப் போய்விட்டார்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 7

அன்புள்ள மருமகளே,

மாத்திரை போடுகிறேன். பச்சை எனக்குப் பொருந்தாது என்று அக்காவுக்கு நாற்பது வருடமாகத் தெரியும், ஆனாலும் பின்னட்டும்.

திரை ரிப்பேர், பக்கத்து வீடு, பின்னல் நூல். என் ஒரு கேள்வியைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாமே உன் கடிதத்தில் இருக்கிறது. நான் குவாரி வாசலில் உட்கார்ந்தவன். லாரிக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் வானிலை பேசினால், தார்பாய்க்குக் கீழே எவ்வளவு கூட இருக்கிறது என்று கிலோ கணக்காகச் சொல்லுவேன்.

போட்டுவிட்டாய். இல்லையா?

கோபமாக எழுத உட்கார்ந்தேன். பிறகு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. உன் அத்தைக்கும் தெரியாததை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இருபதாவது வருடம் சூப்பர்வைசர் வந்து தோளில் கை போட்டார். "லாரிக்கு நாலு டன்னை மட்டும் மறந்துடுங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்" என்றார். முதல் லாரிக்குப் பதினாறு என்று எழுதினேன், தட்டில் இருபது. அன்று முழுக்க ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் மறுநாளும் எழுதினேன். பதினோரு வருடம் எழுதினேன், ஒன்றுமே ஆகவில்லை. அந்த ரோடு மட்டும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடத்தில் போன ஆம்புலன்ஸ் ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் யார் யார் அதில் படுத்திருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஓய்வு பெறும்போது 'துல்லியத்தின் மறுபெயர்' என்று கேடயம் கொடுத்தார்கள். உன் அத்தை பின்கதவுக்கு முட்டுக் கொடுக்க அதைத்தான் வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தா வைத்தாள் என்று சில சமயம் தோன்றும்.

எனக்காவது பதினோரு வருடம். உனக்கு மே நாலு வரைதான். எப்போது போட்டாய் என்று எழுது.

மாமா


ஏப்ரல் 19

மாமா,

ஜனவரி இருபத்திரண்டு. உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு. கையெழுத்துப் போட வேண்டியது நான் என்று எழுதினேன். போட்டுவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. நான் உங்களிடம் கேட்டது யோசனையே இல்லை. 'ஒன்றும் ஆகாது போடி' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், தூங்கியிருப்பேன். நீங்கள் எந்தக் கழுதை என்று கேட்டீர்கள்.

கத்துவது உங்களுக்குச் சுலபம். சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு சாம்ராஜ்யம் நடத்துகிறீர்கள், பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு எழுந்து போகலாம். இங்கே நாற்பத்தாறு பேர். "இன்ஜின் வரலைன்னா ஆறு மாசத்துல பாதையை மூடிருவாங்க. நீ நியாயம் பேசி நாற்பத்தாறு வீட்டுல அடுப்ப அணைக்கப் போறியா?" என்று மேலாளர் கேட்டார். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதியிருக்கிறீர்கள், பதினாறு என்று.

இன்னொன்றும் கேளுங்கள். சான்றில் 'பாலம் சோதிக்கப்பட்ட முறை' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதைக் காலியாக விட்டுத்தான் கையெழுத்திட்டேன், ஏதோ அது என் நாணயம் மாதிரி. உங்கள் வீடியோ வந்த பிறகு மேலாளர் அதில் 'கணினிச் சோதனை, வெற்றி' என்று நிரப்பிவிட்டார். என் கையெழுத்துக்கு மேலே இப்போது உங்கள் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று கொட்டாவி என் மேசைக்கு வந்தார். "மேடம், அந்த ரெண்டாவது தூணுக்கிட்ட போகும்போதெல்லாம் ஒரு மாதிரி கீழ இறங்கி ஏறுது. பழைய இன்ஜினுக்கே அப்படி. இது ரெட்டை கனம். பாலம் சரியா இருக்குன்னு நீங்க சொன்னாப் போறேன்" என்றார்.

"ஆபீஸ்ல எல்லாம் பார்த்திருக்காங்க" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், மாமா.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.


ஏப்ரல் 23

அன்புள்ள மருமகளே,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, நலமாக இரு.

நீ எழுதியதெல்லாம் நியாயம். கழுதை என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கழுதைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அவை தாங்கும் எடைக்கு மேல் ஏற்றினால் படுத்துக்கொள்ளும்.

ஆனால் உன் மேலாளர் ஆறு அச்சு அல்லது மூடுவிழா என்று இரண்டே கதவு காட்டினாரே, அதைக் கேட்டதும் என் காது மடல் சிவந்துவிட்டது. மூன்றாவது கதவை யாராவது தட்டிப் பார்த்தார்களா? நான் தட்டினேன். என் மானம், கௌரவம், கிரீடம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஆணிக்குப் போன் செய்தேன். 'ஐயா, நிஜமாகவே ஒரு சின்னப் பாதைக்குப் பழைய இன்ஜின் வேண்டும், பெயிண்ட் பாலத்துக்கு இல்லை' என்றேன். அவன் ஒரு குத்துக்கூடக் குத்தவில்லை. "எத்தனை டன், வளைவு எவ்வளவு?" என்று கேட்டான். அன்று மாலையே பட்டியல் வந்துவிட்டது. எந்த மில் மூடியது, எந்தத் துறைமுகத்தில் எது சும்மா நிற்கிறது, எதற்கு எந்த வருடம் மோட்டார் மாற்றினார்கள் என்பது வரை அவனுக்கு மனப்பாடம். விளையாட்டுக்காக இருபது வருடமாகச் சேர்த்தானாம். அதில் ஒன்றுபோல நான்கு அச்சு இன்ஜின் இரண்டு, அறுபத்து நாலு டன், மூடிப்போன ஆலை ஒன்றின் கொட்டகையில் நிற்கின்றன. அச்சுக்குப் பதினாறு. பார்க்கச் சகிக்காத ஆரஞ்சு நிறம். பட்டியலை வைத்திருக்கிறேன்.

இன்னொரு தாளும் இருக்கிறது. இயக்குநர்களுக்கு நான் எழுதியது. உனக்காக ஒரு வரி சொல்கிறேன்: 'தங்கள் சான்றில் சோதனை என்று குறிக்கப்பட்டுள்ள பாலம், கீழே கையெழுத்திட்டுள்ள என்னால், வாடகை வீட்டின் பின்னறையில், பெயிண்டால் கட்டப்பட்டது. அதன் மேல் ரயில் போனது. அது இல்லாதபோதும் போனது. பொய் எடை எழுதிய பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இதை நம்ப வேண்டாம்.' இதைப் படித்தால் என்னைச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சான்றைத் திரும்பப் பெறு. போனில் சொல்லாதே, காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடு. கொட்டாவியிடமும் போய் இல்லை என்று சொல்லு. அதை இயக்குநர்களிடம் சொல்வதற்கு முன்பே அவரிடம் சொல்லு.

நாற்பத்தாறு பேரும் உன்னைத் திட்டலாம். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மாமா


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அவன் பாதி பைத்தியம், நீ மீதி" என்றாள். அன்று முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை.

முதலில் கொட்டாவியிடம் போனேன். பாலம் சரியில்லை, நான் தப்பாகக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். "அன்னைக்கே தெரியும் மேடம். ஆபீஸ்ல பார்த்திருக்காங்கன்னீங்க, நான் பார்த்தேன்னு சொல்லலையே" என்றார். தெரிந்தும் ஓட்டியிருப்பீர்களா என்று கேட்டேன். "வேற யாரு ஓட்டுவா?" என்றார்.

மூன்றாம் தேதி இயக்குநர்கள் கூட்டம். அழைப்பு இல்லாமல் போய் நின்றேன். உங்கள் தாளை நானே வாசித்தேன், குரல் நன்றாகத்தான் வந்தது. பிறகு தூண் இல்லாத வீடியோ. ரயில் காற்றில் போனது, கொக்குகள் நின்றன. ஒருவரும் கை தட்டவில்லை.

மேலாளர் எழுந்து, "சார், இது ஒரு விளையாட்டு. இதை வெச்சு ஒரு கம்பெனி முடிவெடுக்கலாமா?" என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை, கேட்டார்: "அப்போ போன தடவை போட்டது என்னது?"

மறுநாள் இன்ஜின் வரவில்லை. பாலத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். கயிறு கட்டி இறங்கி, தட்டி, சுரண்டிப் பார்த்தார்கள். இரண்டாவது தூணில் ஒரு விரிசலுக்குள் அவர்களில் ஒருவர் கையை முழங்கை வரை விட்டு எங்களுக்குக் காட்டினார். இப்போதைக்கு அச்சுக்குப் பதினாலுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு என்று இத்தனை வருடம் பலகையில் எழுதி வைத்திருந்ததை யார் எப்போது அளந்தார்கள் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே எங்கள் பழைய இன்ஜினும் போகக் கூடாது. ஆணி சொன்ன ஆரஞ்சு இன்ஜின்களும் தூணைச் சரி செய்யும்வரை போக முடியாது. அவற்றைப் பார்த்துவர ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அது உண்மை. வாங்குவார்களா என்று தெரியாது.

கல் இப்போது ஆற்றங்கரையில் இறங்கி லாரியில் போகிறது. பதினோரு பேரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "உனக்கென்னம்மா, படிச்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா. எந்தச் சான்றிலும் நான் இனிக் கையெழுத்திடக் கூடாது என்று உத்தரவு. நீங்கள் மருந்தில்லை என்று எழுதியது சரிதான்.

கடைசியாக ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி இருந்தது. ஜனவரிச் சான்றை ரத்து செய்ய, என் பழைய கையெழுத்தின் குறுக்கே கோடு போட்டார்கள். கோடு போட்டதற்குப் பக்கத்திலும் நானே கையெழுத்திட வேண்டுமாம், விதி. மேலாளர் பேனாவைக் கையில் தரவில்லை, மேசை மேல் உருட்டிவிட்டார். அது விளிம்பு தாண்டிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் குனியவில்லை. பையைத் திறந்து என் பேனாவை எடுத்தேன்.

ஜனவரியில் போட்டது யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கல். இந்தத் தடவை கையெழுத்தே போடவில்லை, மாமா. முழுப் பெயரையும், ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைக்கும் படிக்க வருகிற மாதிரி எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்